முழங்காலுக்கு ஊசி: புள்ளி ஒரு விரல் தள்ளிப் போனால் என்ன ஆகும்?

ஜனவரி 6, காலை — கேள்வி

அம்மாவுக்கு 62 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம், எக்ஸ்ரேயில் மூன்றாம் நிலை. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை உண்டு. அக்குபங்சர் பார்க்கலாம் என்று விசாரித்ததில் மூன்று விஷயம் சொன்னார்கள். புள்ளி ஒரு விரல் தள்ளிப் போனாலும் பலன் இருக்காதாம். முதல் வாரம் வலி கூடுமாம், காய்ச்சல்கூட வருமாம், அது உடம்பிலிருந்து கழிவு வெளியேறுவதாம், பயப்படக்கூடாதாம். சிகிச்சை நடக்கும்போது இங்கிலீஷ் மருந்தே வேண்டாமாம். இதில் எது சரி?

ஜனவரி 6, மதியம் — பதில்

கடைசியிலிருந்து வருகிறேன். மாத்திரையை நிறுத்தக்கூடாது. அக்குபங்சர் ஊசியால் சர்க்கரை மாத்திரைக்கோ பிரஷர் மாத்திரைக்கோ பதிலாக நிற்க முடியாது. சர்க்கரை மாத்திரையை விட்டால் முதல் வாரம் ஒன்றும் தெரியாது. அதைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். மெல்ல ஏறுகிற சர்க்கரை வலிக்காது. இன்சுலினை மட்டுமே நம்பியிருக்கும் முதல் வகை நோயாளி அதை விட்டால் ஓரிரு நாளிலேயே ரத்தம் அமிலமாகி உயிருக்கு ஆபத்து வரும். பிரஷர் மாத்திரைகளில் சிலவற்றை (அடெனோலால், மெட்டோப்ரோலால், குளோனிடின்) திடீரென்று விட்டால் பிரஷரும் நாடித்துடிப்பும் முன்பு இருந்ததைவிட மேலே எகிறும். வலிப்பு மாத்திரை, நீண்டகாலம் சாப்பிட்ட ஸ்டீராய்டு இரண்டையும் திடீரென்று விடுவதும் ஆபத்துதான். முழங்காலுக்கு ஊசி போடுகிறவர் இவற்றைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

ஊசி வேலை செய்தால் குறையக்கூடிய மருந்து ஒன்று உண்டு. அது வலி மாத்திரை. வலி குறைந்தால் அதன் எண்ணிக்கை தானாகக் குறையும். யாரும் விரட்டத் தேவையில்லை.

காய்ச்சல் பற்றி நின்று எழுத வேண்டும். இரவு எழுதுகிறேன்.

ஜனவரி 6, இரவு

"கழிவு வெளியேறுகிறது" என்ற வாக்கியம் நம்மூரில் மிகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. ஊசி போட்ட அன்று அசதி, தூக்கம், அந்த இடத்தில் லேசான வலி இருப்பது சகஜம், ஒரு நாளில் போய்விடும். ஆனால் ஊசி போட்ட முழங்கால் சிவந்து, தொட்டால் சுட்டு, வீங்கி, காலை மடக்கவே முடியாமல் காய்ச்சலும் வந்தால் அதற்குப் பெயர் வேறு. மூட்டுக்குள் சீழ் பிடிப்பது. ஒரு நாள் தாமதித்தாலும் குருத்தெலும்பு அரித்துப்போகலாம். சர்க்கரை உள்ளவருக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். அந்த நிலையில் போக வேண்டிய இடம் மருத்துவமனை. மூட்டு நீரை எடுத்துப் பரிசோதித்து உடனே ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். ஊசி போட்டவரிடம் திரும்பப் போய் இன்னொரு ஊசி போட்டுக்கொள்வது அல்ல வழி.

இது அடிக்கடி நடப்பதில்லை. ஆனால் நடக்கும்போது "நல்ல அறிகுறி" என்று சொல்லி வீட்டில் உட்காரவைப்பதால்தான் கால் போகிறது.

ஜனவரி 7

முழங்காலுக்கு வழக்கமாக எங்கே போடுவார்கள் என்று எழுதிவிடுகிறேன். பார்த்தால் சரியாகப் போடுகிறாரா என்று உங்களுக்கே தெரியும்.

அளவு "சுன்". சென்டிமீட்டர் கணக்கு இதற்கு உதவாது. நோயாளியின் கட்டைவிரல் கணுவின் அகலம் 1 சுன். ஆள்காட்டி முதல் சுண்டுவிரல் வரை நான்கு விரலையும் ஒட்டி வைத்தால் நடுக்கணு மட்டத்தில் 3 சுன். ஆள்காட்டியும் நடுவிரலும் சேர்ந்து 1.5 சுன். சிகிச்சை தருபவரின் விரலால் அளந்தால் பெரிய கையுள்ளவர் சின்ன உடம்பில் தவறிப்போவார். சரிபார்க்க ஒரு வழி: முழங்கால் மடிப்பிலிருந்து வெளிக்கணுக்கால் முட்டு வரை 16 சுன் என்று வகுக்கிறார்கள். காலின் நீளம் எதுவானாலும் 16 பங்கு.

முழங்காலைச் சற்று மடக்கி, கீழே தலையணை வைத்து, படுத்த நிலையில். சில்லுக்குக் கீழே தசைநாணின் இரு பக்கமும் இரண்டு குழி தெரியும், முழங்கால் கண்கள். வெளிக்கண்ணிலிருந்து 3 சுன் கீழே, முன்கால் எலும்பின் கூர்விளிம்பிலிருந்து ஒரு விரல் வெளியே வயிறு 36 (ஓர் உறுப்பின் பெயரும் எண்ணும் சேர்ந்ததுதான் புள்ளியின் பெயர், இடம் காலில்தான்). பாதத்தை மேலே தூக்கச் சொன்னால் அங்கே தசை புடைக்கும், அந்தப் புடைப்பில்தான். சில்லின் உள்மேல் முனையிலிருந்து 2 சுன் மேலே மண்ணீரல் 10, வெளிமேல் முனையிலிருந்து 2 சுன் மேலே வயிறு 34. உள்பக்கம் எலும்பு வளைந்து இறங்கும் குழியில் மண்ணீரல் 9. வெளிப்பக்கம் சிறிய எலும்பின் தலைக்கு முன்னும் கீழுமாக உள்ள குழியில் பித்தப்பை 34.

ஊசி 0.25 மில்லிமீட்டர் தடிமன், 25 அல்லது 40 மில்லிமீட்டர் நீளம். வயிறு 36 சதைப்பிடிப்பான இடம், 25 முதல் 35 மில்லிமீட்டர் வரை இறங்கலாம். முழங்கால் கண்களில் அப்படி இறக்கக்கூடாது. உள்ளே மூட்டுப்பை இருக்கிறது, நேற்று எழுதிய சீழ் ஆபத்து அங்கேதான். பித்தப்பை 34-ல் கவனம் வேறு. அந்தச் சிறிய எலும்பின் கழுத்தைச் சுற்றி ஒரு நரம்பு ஓடுகிறது. பாதத்தின் மேல்புறம் கரண்ட் அடித்ததுபோல் சுரீர் என்று இழுத்தால் ஊசி நரம்பைத் தொட்டிருக்கிறது. சற்றே வெளியே இழுத்துத் திசை மாற்ற வேண்டும். அப்படியே ஆழமாகக் குத்திச் சுழற்றினால் பாதம் தூக்க முடியாமல் தொங்கும் நிலை வரலாம்.

மூட்டு மாற்று அறுவை முடிந்த காலென்றால் செயற்கை மூட்டைச் சுற்றி ஊசியே வேண்டாம்.

ஜனவரி 7, மாலை — கேட்டவர்

உணர்வு எப்படி இருக்க வேண்டும்? அம்மாவுக்கு ஊசி என்றாலே பயம்.

ஜனவரி 7, இரவு

தோலைத் துளைக்கும் நொடியில் எறும்பு கடித்த மாதிரி. நல்ல ஊசியும் கைடு டியூபும் இருந்தால் அதுவும் தெரியாது. டியூபைத் தோலில் அழுத்தி, வெளியே நீட்டியிருக்கும் கைப்பிடி நுனியை ஒரு தட்டு. அதன்பின் டியூபை எடுத்துவிட்டு மெல்ல இறக்குவது. உள்ளே போனதும் வருகிற உணர்வைச் சீனத்தில் "தெ சி" என்கிறார்கள். நம் வார்த்தையில் மதமதப்பு, கனம், உள்ளே யாரோ பிடித்து வைத்த மாதிரி. அது வர வேண்டும் என்றுதான் ஊசியை லேசாகச் சுழற்றுவார்கள். எரிச்சலோ கூர்மையான வலியோ இருந்தால் அது தெ சி இல்லை. தோல் நரம்போ ரத்தக்குழாயின் சுவரோ. சொல்லிவிட வேண்டும். பொறுத்துக்கொள்ள அவசியமில்லை.

ஊசியின் தண்டை விரலால் தொடுகிறாரா என்று பாருங்கள். கைப்பிடியை மட்டுமே தொட வேண்டும். தண்டுதான் உடம்புக்குள் போகிற பகுதி.

வெறும் வயிற்றில் போகாதீர்கள். உட்காரவைத்துப் போடவேண்டாம், முதல் தடவை கட்டாயம் படுக்கையில். மயக்கம் வருவதற்குக் காரணம் பெரும்பாலும் பசியும் பயமும் உட்கார்ந்த நிலையும்தான். முகம் வெளுத்து, வியர்த்து, குமட்டினால் எல்லா ஊசியையும் எடுத்துவிட்டு, கால்களை உயர்த்தி, நினைவு தெளிந்த பிறகு இனிப்பான வெந்நீரோ டீயோ. சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் குளுக்கோமீட்டரில் ஒரு சொட்டுப் பார்த்துவிடுவது நல்லது. தாழ்சர்க்கரையும் இதே தோற்றம் காட்டும்.

ஜனவரி 8

முதல் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. ஒரு விரல் தள்ளிப் போனால் பலன் போய்விடுமா? நேற்று அவ்வளவு துல்லியமாக இடம் எழுதியதைப் படித்தவர்கள் "ஆம்" என்று எடுத்திருப்பீர்கள். அதைத் திருத்துகிறேன்.

ஜெர்மனியில் இதைப் பெரிய அளவில் சோதித்தார்கள். முழங்கால் தேய்மானம் உள்ள 1007 பேர், 2006-ல் முடிவு வெளியானது. ஒரு குழுவுக்குச் சீன முறைப்படி சரியான புள்ளியில் ஊசி. இன்னொரு குழுவுக்குப் புள்ளிகளிலிருந்து வேண்டுமென்றே தள்ளி, மேலோட்டமாக, சுழற்றாமல் ஊசி. மூன்றாவது குழுவுக்கு ஊசி இல்லை, மருத்துவரைச் சந்திப்பது மட்டும். மூன்று குழுவுக்கும் பிசியோதெரபியும் தேவைப்பட்டால் வலி மாத்திரையும் உண்டு. 26 வாரத்தில் நல்ல முன்னேற்றம் கண்டவர்கள்: சரியான புள்ளியில் 53.1 சதம், தப்பான இடத்தில் 51 சதம், ஊசி இல்லாதவர்கள் 29.1 சதம்.

முதுகுவலிக்கு 1162 பேரிடம் செய்த ஆய்விலும் அதே வடிவம். 47.6, 44.2, 27.4.

ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் இடையில் பெரிய இடைவெளி. சரியான புள்ளிக்கும் தப்பான புள்ளிக்கும் இடையில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆக, "ஒரு விரல் தள்ளினால் பலன் இல்லை" என்ற பேச்சு முழங்கால் வலியில் நிற்கவில்லை.

இந்த முடிவுகளுக்குப் பின் ஜெர்மன் அரசுக் காப்பீடு நாள்பட்ட முழங்கால் வலிக்கும் முதுகுவலிக்கும் அக்குபங்சர் செலவை ஏற்றது. இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டுதல் வகுக்கும் நைஸ் அமைப்பு அதே வகைச் சான்றுகளைப் பார்த்து முழங்கால் தேய்மானத்துக்கு வேண்டாம் என்றது, மைக்ரேன் தடுப்புக்குப் பரிசீலிக்கலாம் என்றது. ஒரே வகைச் சான்றை இரண்டு நாடுகள் இரண்டு விதமாகப் படித்தன. ஜெர்மனி கேட்டது "நோயாளிக்கு வலி குறைகிறதா". இங்கிலாந்து கேட்டது "போலி ஊசியைவிட மேலா". இரண்டுமே நியாயமான கேள்விதான். அம்மாவின் முழங்காலுக்கு நான் முதல் கேள்வியைத்தான் கேட்பேன், கூடவே இரண்டாவதன் பதிலையும் அவரிடம் மறைக்கமாட்டேன்.

ஜனவரி 8, இரவு — இன்னொருவர், பிசியோதெரபி துறை

ஒரு சேர்க்கை. தப்பான இடத்தில் போட்டதும் ஊசிதானே. தோலைத் துளைத்தாலே நரம்புக்குச் செய்தி போகிறது. அதனால் அந்த ஆய்வுகளில் "போலி" என்ற குழு வெறும் சர்க்கரை உருண்டை போன்றது அல்ல. 1998-ல் ஜெர்மனியில் ஒரு ஊசி வடிவமைத்தார்கள், நாடகக் கத்தி மாதிரி நுனி மழுங்கி கைப்பிடிக்குள் ஏறிவிடும், குத்துவது போலத் தோன்றும், துளைக்காது. போலி வகைகள் எல்லாவற்றையும் சேர்த்து, 39 ஆய்வுகளின் 20,827 நோயாளிகளை ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்த 2018-ம் ஆண்டுத் தொகுப்பில், உண்மை ஊசி போலியைவிடச் சற்று மேலே நின்றது. சற்றுத்தான். சிகிச்சையே இல்லாததைவிடத் தெளிவாக மேலே.

ஜனவரி 9

ஏற்கிறேன். "ஒன்றுமில்லை" என்று எழுதியதை "சிறிது" என்று மாற்றிப் படியுங்கள்.

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. 2021-ல் எலிகளில் செய்த ஒரு ஆய்வு: வயிறு 36-க்கு இணையான பின்னங்கால் இடத்தில் மெல்லிய மின்தூண்டல் கொடுத்தால் ஒரு குறிப்பிட்ட வகை நரம்பிழைகள் வழியாகச் செய்தி வேகஸ் நரம்புக்கும் அட்ரினல் சுரப்பிக்கும் போய் அழற்சி குறைகிறது. வயிற்றின் மேலேயே உள்ள ஒரு புள்ளியில் கொடுத்தால் அந்த வழி வேலை செய்யவில்லை, அந்த நரம்பிழைகள் அங்கே இல்லாததால். அதாவது இடம் முக்கியம், ஆனால் அதற்குக் காரணம் நரம்பின் அமைப்பு. அது எலி, அது அழற்சி. முழங்கால் வலிக்கு அப்படியே தூக்கி வைக்க முடியாது.

புள்ளிகளின் இடம் பற்றிச் சீனா, ஜப்பான், கொரியா மூன்று நாட்டு வல்லுநர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லாமல் இருந்தது. உலக சுகாதார அமைப்பின் மேற்குப் பசிபிக் அலுவலகம் 2003 முதல் அவர்களை உட்காரவைத்துப் பேசியது. 361 புள்ளிகளில் 92 சர்ச்சைக்குரியவை. 2008-ல் தரநூல் வந்தபோதும் 6 புள்ளிகளுக்கு இரண்டு இடம் குறிக்க வேண்டியிருந்தது. மூக்குக்குக் கீழே உள்ள புள்ளி அதில் ஒன்று.

அப்படியானால் ஏன் அவ்வளவு துல்லியம்? பாதுகாப்புக்காக. எது மூட்டுப்பை, எது நரம்பு, எது நுரையீரல் என்று தெரிந்து இறக்குவதற்காக. புள்ளியைத் தெரிந்துகொள்வதன் பெரும்பயன் அதன் அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வதில்தான் இருக்கிறது.

ஜனவரி 11 — வேறொருவர்

சீனாவுக்கு இதைக் கொண்டுபோனது காஞ்சியிலிருந்து போன போதிதர்மர்தான். வர்மப் புள்ளிகள்தான் அக்குபங்சர் ஆனது. இது ஏன் யாரும் சொல்வதில்லை?

ஜனவரி 11, இரவு

காலம் பொருந்தவில்லை. போதிதர்மர் கி.பி. 5, 6-ம் நூற்றாண்டு. ஹுனான் மாகாணம் மாவாங்டுய் என்ற இடத்தில் கி.மு. 168-ல் மூடப்பட்ட கல்லறையை 1973-ல் திறந்தபோது பட்டுத்துணியில் எழுதிய மருத்துவச் சுவடிகள் கிடைத்தன. அவற்றில் உடலில் ஓடும் 11 தடங்கள் விவரிக்கப்பட்டிருக்கின்றன. சூடு வைப்பது இருக்கிறது. ஊசி இன்னும் வரவில்லை. கி.மு. 113-ல் இறந்த ஹான் இளவரசர் லியூ ஷெங்கின் கல்லறையில் தங்க, வெள்ளி ஊசிகள் கிடைத்தன. செங்டு அருகே தடங்கள் வரைந்த அரக்குப் பொம்மையும் மேற்கு ஹான் காலத்தது. கி.பி. 3-ம் நூற்றாண்டில் ஹுவாங்ஃபு மீ புள்ளிகளைத் தொகுத்துத் தனி நூலே எழுதிவிட்டார். போதிதர்மர் கப்பலேறும்போது அங்கே ஊசி வைத்தியத்துக்கு வயது 600-க்கு மேல்.

வர்மம் தனிப்பெரும் அறிவு, இரவல் பெருமை அதற்குத் தேவையில்லை. படுவர்மம் 12, தொடுவர்மம் 96, மொத்தம் 108 என்று எண்ணுகிறார்கள். அடிபட்டால் ஆபத்தான இடங்களும் அதை இளக்கும் அடங்கல்களும் அதன் உயிர். ஊசி அதில் இல்லை. சில இடங்கள் ஒத்துப்போவது இயல்பு, எந்த நாட்டு உடம்பிலும் நரம்பு வெளியே வரும் குழி அதே இடத்தில்தான்.

நாடி பார்ப்பதிலும் இந்தக் குழப்பம். சித்த மருத்துவரும் மூன்று விரல் வைக்கிறார், சீன முறையும் மூன்று விரல். சித்தத்தில் ஆள்காட்டி வாதம், நடுவிரல் பித்தம், மோதிரவிரல் கபம். சீன முறையில் இடக்கையில் அதே வரிசை இதயம், கல்லீரல், சிறுநீரகம். வலக்கையில் நுரையீரல், மண்ணீரல், மறுபடி சிறுநீரகம். விரல் ஒன்று, கேள்வி வேறு.

இந்தியாவுக்கு வந்த வழி தெளிவாகவே இருக்கிறது. 1938-ல் ஜப்பானியப் படையெடுப்பின்போது சீனாவுக்குப் போன இந்திய மருத்துவக் குழுவில் ஐந்து பேர். கோட்னிஸ் 1942-ல் அங்கேயே இறந்தார். பிஜய் குமார் பாசு திரும்பி வந்து, 1950களின் பிற்பகுதியில் மறுபடி சீனா போய் அக்குபங்சர் கற்று, கொல்கத்தாவில் தொடங்கினார். மேற்கு வங்கம் 1996-ல் இதற்கென்றே சட்டம் இயற்றியது. மத்திய அரசு 2019 பிப்ரவரியில் இதைத் தனி மருத்துவ முறையாக ஏற்றது.

ஜனவரி 17 — கேட்டவர்

பொங்கல் முடிந்து இன்னொரு இடத்தில் விசாரித்தோம். அங்கே ஊசியே கிடையாது, விரலால் ஒரே ஒரு புள்ளியைத் தொடுவார்கள், அதுவே போதும் என்கிறார்கள். பஞ்சபூதக் கணக்கு என்றார்கள்.

ஜனவரி 18

தொடு சிகிச்சை. தமிழ்நாட்டில் இது மிகவும் பரவியிருக்கிறது. ஊசி இல்லாததால் மூட்டில் சீழோ நுரையீரலில் ஓட்டையோ வர வழியில்லை, அது அதன் நல்ல பக்கம். ஆனால் மேலே எழுதிய எந்த ஆய்வு எண்ணும் அதற்குப் பொருந்தாது. அவை அனைத்தும் ஊசி குத்திச் செய்தவை, ஒரு அமர்வில் பல ஊசி, 20 முதல் 30 நிமிடம். "ஜெர்மனியில் நிரூபித்துவிட்டார்கள்" என்று சொல்லி ஒரு விரல் தொடுதலை விற்பது சரியல்ல.

பஞ்சபூதம் பற்றி. சீனத்தின் ஐந்து மரம், நெருப்பு, மண், உலோகம், நீர். நம் ஐந்து நிலம், நீர், நெருப்பு, காற்று, ஆகாயம். இங்கே பல வகுப்புகளில் உலோகத்தைக் காற்று என்றும் மரத்தை ஆகாயம் என்றும் மாற்றிச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நினைவில் வைக்க வசதிதான். ஆனால் சீன ஐந்தும் பொருள்கள் அல்ல, ஒன்று அடுத்ததாக மாறும் கட்டங்கள். மரம் எரிந்து நெருப்பு, நெருப்பு சாம்பலாகி மண், மண்ணிலிருந்து உலோகம் என்று சுற்றும். அதில் காற்றையும் ஆகாயத்தையும் வைத்தால் அந்தச் சுற்று அறுந்துவிடுகிறது. எந்தப் புள்ளியைத் தேர்வது என்ற கணக்கே அந்தச் சுற்றின் மேல்தான் நிற்கிறது என்பதால் இது வெறும் பெயர் மாற்றம் அல்ல.

ஜனவரி 20 — இன்னொருவர்

கழுத்து வலிக்குத் தோள்பட்டையில் ஊசி போடுவதில் ஆபத்து என்கிறார்களே?

ஜனவரி 20, இரவு

ஆபத்து உண்டு. இந்தத் துறையில் அதிகம் பேசப்பட வேண்டியது அதுதான்.

கழுத்துக்கும் தோள் நுனிக்கும் நடுவில் சதை மேடாக இருக்கும் இடம் பித்தப்பை 21. அழுத்தினால் எல்லாருக்கும் வலிக்கும், அதனால் எல்லாருக்கும் அங்கே ஊசி போடத் தோன்றும். அதன் நேர் கீழே நுரையீரலின் உச்சி. ஒல்லியான உடம்பில் 40 மில்லிமீட்டர் ஊசியை நேராக இறக்கினால் நுரையீரலைத் தொட்டுவிடும். சரியான முறை: தசையைக் கட்டைவிரலாலும் மற்ற விரல்களாலும் கிள்ளித் தூக்கி, தூக்கிய சதைக்குள்ளேயே முன்னிருந்து பின்னாகக் கிடையாகச் செலுத்துவது. 25 மில்லிமீட்டர் ஊசி போதும். ஊசி இருக்கும்போது நோயாளி கையை ஊன்றி எழக்கூடாது. முதுகில் விலா இடைவெளிகளிலும் இதே விதி: முதுகெலும்பை நோக்கிச் சாய்த்து, ஆழமில்லாமல்.

நெஞ்செலும்பின் நடுவில் உள்ள புள்ளிக்கு இன்னொரு பொறி. எலும்புதானே, ஊசி நின்றுவிடும் என்று நினைப்பார்கள். நூற்றில் சிலருக்குப் பிறவியிலேயே அந்த எலும்பில் ஒரு துளை இருக்கும், வெளியே தெரியாது. அதன் வழியாக இதய உறை வரை ஊசி போய் உயிரிழப்பு நடந்த பதிவுகள் உண்டு. அங்கே தோலுக்கு இணையாகப் படுக்கவைத்துத்தான் செலுத்த வேண்டும்.

நுரையீரல் துளைபட்டால் உடனே தெரியாமல் போகலாம். காற்று மெல்லக் கசிந்து சில மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள், மூச்சிழுக்கும்போது ஒரு பக்கம் குத்து, வறட்டிருமல், படியேறினால் மூச்சு வாங்குதல். தோளிலோ முதுகிலோ ஊசி போட்ட பின் இது வந்தால் அவசரப் பிரிவுக்குப் போய் "அக்குபங்சர் போட்டேன்" என்ற வார்த்தையைச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் வாயு என்றோ தசைப்பிடிப்பு என்றோ திருப்பி அனுப்ப வாய்ப்புண்டு.

ஜனவரி 21

நேற்றையதைப் படித்துப் பயந்துவிட வேண்டாம், அளவும் தெரிய வேண்டும். ஜெர்மனியில் 2,29,230 நோயாளிகளைப் பின்தொடர்ந்தபோது 8.6 சதம் பேருக்கு ஏதோ ஒரு பக்கவிளைவு, பெரும்பாலும் சிறு ரத்தக்கசிவு, கன்றிப்போதல், வலி. நுரையீரல் துளைபட்டது இரண்டு பேருக்கு. ஆனால் அங்கே ஊசி போட்டவர்கள் எல்லாரும் உடற்கூறு படித்த மருத்துவர்கள். சனி ஞாயிறு வகுப்பில் சான்றிதழ் வாங்கியவர் கைக்கு அந்த எண் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது.

பிப்ரவரி 2 — கேட்டவர்

ஊசி போடுகிற இடத்திலேயே தொடங்கிவிட்டோம். மாத்திரை எதையும் நிறுத்தவில்லை. மூன்று தடவை ஆகிவிட்டது. உள்பக்கம் ஒரு ரூபாய் அளவுக்குக் கன்றிப்போயிருக்கிறது. நேற்று ஒரு ஊசி வெளியே வரவே இல்லை, இழுத்தார், அம்மா அலறிவிட்டார். அடுத்த தடவை கரண்ட் வைக்கலாம், அல்லது மூலிகை சூடு வைக்கலாம் என்கிறார்.

பிப்ரவரி 2, இரவு

கன்றல் ஒரு வாரத்தில் பச்சையாகி மஞ்சளாகி மறையும். ஊசி எடுத்ததும் பஞ்சால் அரை நிமிடம் அழுத்தாததால் வந்திருக்கலாம். ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினோ குளோபிடோக்ரலோ சாப்பிடுகிறவர் என்றால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்த வேண்டும். தேய்க்கக்கூடாது.

சிக்கிய ஊசியை இழுக்கவே கூடாது. இரண்டு காரணத்தால் சிக்கும். தசை இறுகிப்போவது ஒன்று. ஒரே திசையில் சுழற்றிச் சுழற்றித் தசைநார் நூல்போல் ஊசியில் சுற்றிக்கொள்வது மற்றது. முதலாவதென்றால் சில நிமிடம் விட்டுவைத்து, சுற்றிலும் மெல்லத் தட்டி, பக்கத்தில் இன்னொரு ஊசி போட்டால் தசை தளரும். இரண்டாவதென்றால் எதிர்த்திசையில் சுழற்றிச் சிக்கெடுக்க வேண்டும். இழுத்தால் ஊசி உடையும். உடைவது பெரும்பாலும் தண்டு கைப்பிடியில் சேரும் இடத்தில். அதனால்தான் ஊசியைக் கைப்பிடி வரை முழுக்க இறக்கக்கூடாது, தண்டில் கால்பங்காவது வெளியே தெரிய வேண்டும், உடைந்தாலும் இடுக்கியால் பிடித்துவிடலாம். அவர் முழுக்க இறக்குகிறாரா என்று பாருங்கள்.

கரண்ட் வைப்பது: இரண்டு ஊசிக்குக் கிளிப் மாட்டி, 2 ஹெர்ட்ஸ் அளவில், தசை லேசாகத் துடிக்கும் வரை கூட்டுவது. பீக்கிங் பல்கலைக்கழகத்தில் ஹான் ஜிஷெங் பல பத்தாண்டு செய்த வேலையின் சாரம், 2 ஹெர்ட்ஸில் எண்டார்பினும் என்கெஃபலினும், 100 ஹெர்ட்ஸில் டைனார்பினும் உடம்பிலேயே சுரக்கின்றன என்பது. மூன்றுமே உடம்பின் சொந்த வலிநிவாரணிகள். பேஸ்மேக்கர் இருந்தால் கூடவே கூடாது. இரண்டு கிளிப்பும் ஒரே காலில் இருக்க வேண்டும். கிளிப் மாட்டும் முன்னும் கழற்றும் முன்னும் குமிழ் பூஜ்ஜியத்தில் இருக்க வேண்டும். இதை மறந்தால் முதல் அடியே பலமாக விழும்.

மூலிகை சூடு என்பது மோக்சா, நம் மாசிபத்திரியின் சீன உறவு. சுருட்டாகச் சுற்றிக் கொளுத்தி, தோலிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளிப் பிடிப்பது. அம்மாவுக்கு இதை வேண்டாம் என்பேன். பல ஆண்டு சர்க்கரையில் காலில் சூடு உணர்வு மங்கியிருக்கலாம், சுட்டபின்தான் தெரியும். அந்தப் புண் எளிதில் ஆறாது. வைத்தே தீருவேன் என்றால், சூட்டைத் தன் தோலிலும் உணரும்படி அவர் தன் இரண்டு விரலைப் புள்ளியின் இரு பக்கமும் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிப்ரவரி 3

விட்டுப்போன ஒன்று. ஊசி பாக்கெட்டை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள், காலாவதித் தேதி பாருங்கள். "உங்களுக்கென்று தனி ஊசி, ஸ்பிரிட்டில் போட்டு வைத்திருக்கிறோம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஸ்பிரிட்டில் நனைப்பது கிருமிநீக்கம் ஆகாது. ஹெபடைடிஸ் பி அந்த வழியாகப் பரவிய வரலாறு இந்தத் துறைக்கு உண்டு. சரியாகக் கிருமி நீக்காத கருவிகளால் மாதக்கணக்கில் ஆறாத கட்டிகள் வந்த தொற்றும் உண்டு.

போட்ட ஊசிகளை எண்ணுங்கள், எடுத்த ஊசிகளையும் எண்ணுங்கள். முழங்காலுக்குக் கீழே துணி மடிப்பில் ஒன்று மறைந்து வீடு வரை வருவது அபூர்வம் அல்ல.

பிப்ரவரி 24 — கேட்டவர்

எட்டு தடவை முடிந்தது. அம்மா சொல்வது: உட்கார்ந்து எழும்போது வலி பாதி. படிக்கட்டில் இறங்க அதே வலி. தொடரலாமா?

பிப்ரவரி 24, இரவு

ஜெர்மன் ஆய்வில் 6 வாரத்தில் 10 அமர்வு, ஓரளவு பலன் தெரிந்தவர்களுக்கு மட்டும் மேலும் 5. அதையே அளவாக வையுங்கள். ஆறு தடவையில் துளியும் மாற்றம் இல்லையென்றால் அங்கேயே நிறுத்த வேண்டும், அம்மாவுக்கு மாற்றம் இருப்பதால் பத்தை முடிக்கலாம்.

படியிறங்கும் வலிக்கு ஊசியை நம்பாதீர்கள். அதற்குத் தொடையின் முன்தசை வலுவிழந்ததும் ஒரு முக்கியக் காரணமாக இருக்கலாம். ஊசியால் வலி குறைந்திருக்கும் இந்த வாரங்கள்தான் பயிற்சிக்கு நல்ல காலம். படுத்து, முழங்காலுக்கடியில் சுருட்டிய துண்டு வைத்து, அதைக் கீழே அழுத்தி ஐந்து எண்ணும்வரை பிடித்து விடுவது, பத்து முறை, காலையும் மாலையும். பிறகு நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுவது, முதலில் ஐந்து முறை. படியிறங்கும்போது வலி அதிகமுள்ள கால் முதலில் கீழே, ஏறும்போது நல்ல கால் முதலில் மேலே, கைப்பிடியை விடாமல்.

பதினைந்துக்கு மேல் பேக்கேஜ் என்று முன்பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். பத்தாவது அமர்வு அன்று வலியைப் பத்துக்கு எத்தனை என்று அம்மாவிடம் கேட்டு எழுதி வையுங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி கேளுங்கள்.